ஆள் பார்த்து வரும் கோபம்

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் பக்கத்து வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகள் மூழ்கின. மொட்டை மாடியில் ஏறி நின்றவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். அந்தத் தண்ணீர் வடிந்து சேறு காய்வதற்குள் வேறொரு சண்டை தொடங்கிவிட்டது. மக்கள் கட்டும் வரிப்பணம் எங்கே போகிறதென்று தெரியவில்லை என்று கமல்ஹாசன் சொன்னதாக ஒரு செய்தி வந்தது. அன்றைய அதிமுக அரசின் நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அதற்கு நீளமான அறிக்கை விட்டார். அரசு செய்த மீட்புப் பணிகளை அடுக்கிய அந்த அறிக்கை, கேள்வி கேட்டவரைக் ‘கருத்து கந்தசாமி’ என்றும் அழைத்தது. தான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று கமல் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதிமுகவினருக்குக் கமல் பேசியது துரோகமாகத் தெரிந்தது. திமுக பக்கம் இருந்தவர்களோ ஒரு குடிமகன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார் என்றார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் மறுபடி தண்ணீர். இம்முறை கேள்வி கேட்டவர் நடிகர் விஷால். 2015-ல் எல்லோரும் தெருவில் இறங்கி உதவினோம், எட்டு ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லையே, மழைநீர் வடிகால் திட்டம் என்ன ஆயிற்று என்று வீடியோவில் சென்னை மாநகராட்சியைக் கேட்டார். மேயர் பிரியா பதில் சொன்னார். அதில் விளக்கமும் இருந்தது, அரசியல் செய்யாதீர்கள் என்ற கண்டிப்பும் இருந்தது. திமுக ஆதரவாளர்கள் விஷாலைப் பிடித்துக்கொண்டார்கள். அதிமுகவினர் அவரை மக்களின் குரல் என்றார்கள். கமலும் அந்த வாரம் பேசினார். அரசைக் குறை சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் மக்களுக்கு உதவுவோம் என்றார். 2015-ல் அவருக்குக் கைதட்டியவர்கள் இப்போதும் கைதட்டினார்கள். அன்று திட்டியவர்கள் இப்போதும் திட்டினார்கள். கமல் சொன்னது நேரெதிராக மாறியிருந்தது. கைதட்டிய கையும் திட்டிய வாயும் மாறவில்லை.

கோபத்தை எடைபோட இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது. ஊர் ஒன்று, ஆறு ஒன்று, மாதம்கூட ஒன்று. கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே. மாறியது கோட்டையில் இருந்த கட்சி மட்டும்: அன்று அதிமுக, 2023-ல் திமுக.

இதற்கு இரு தரப்பிலும் ஒரு சமாதானம் உண்டு. இரண்டு வெள்ளமும் ஒன்றல்ல, 2015-ல் அரசு தவறு செய்தது, 2023-ல் அரசு வேலை செய்திருந்தது, ஆகவே முதல் கேள்வி நியாயம், இரண்டாவது அநியாயம் என்பது திமுகவினர் வாதம். அதைத் திருப்பிப் போட்டால் அதிமுகவினர் வாதம். இதை ஒதுக்கிவிட முடியாது, பரிசீலிக்கத்தான் வேண்டும். 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை கண்டித்தது. அதை மனிதத் தவறால் வந்த பேரழிவு என்றது. 2023-ல் 4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் பணியில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு செலவானது என்பதில் ஆளுங்கட்சி சொன்ன கணக்கே ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எடப்பாடி பழனிசாமி வெள்ளை அறிக்கை கேட்டார். ஆகவே இரண்டு முறையும் கேள்விக்கு இடம் இருந்தது. ஆனால் கமல் கேட்ட நாளில் தணிக்கை அறிக்கை கிடையாது. விஷால் கேட்ட நாளில் செலவுக் கணக்கும் வெளிவரவில்லை. கோபப்பட்டவர்கள் யாரும் கணக்குப் பார்த்துக் கோபப்படவில்லை. கோபம் முதலில் வந்தது, காரணம் பின்னால் தேடப்பட்டது.

முடிச்சூர்க்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. எங்கள் தெருக்களுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து வருவது. ஏரியை யார் திறந்தது, யாரைக் கேட்டுத் திறந்தது என்ற சண்டையில் இரண்டு கட்சிகளும் பல ஆண்டு திளைத்தன. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது உயிர்ப் பிரச்சினை, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரைச்சலில் மேல்மடை ஏரிகளைப் பற்றிய பேச்சு அடிபட்டுப் போனது. ஆள் பார்த்து வரும் கோபத்தின் முதல் கேடு இது: கேட்டவன் யார் என்று ஆராய்வதில் கேள்வி தொலைந்துபோகிறது.

இதுவரை சொன்னது வாய்ச்சண்டை. அறிக்கையும் ட்வீட்டும் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. கோபம் காவல் நிலையத்துக்குள் நுழையும்போதுதான் விஷயம் கனக்கிறது. அங்கேயும் இரண்டு வழக்குகளைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2018 ஏப்ரலில் ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் செய்தியாளர் கூட்டத்தில் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டினார். பிறகு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். அதையொட்டி, அப்போது பாஜகவில் இருந்த நடிகர் எஸ்.வி. சேகர் ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்தார். பெண்கள் மேலே இருப்பவர்களுக்கு இணங்கித்தான் ஊடகத்தில் வேலை பெறுகிறார்கள் என்ற பொருள்பட இருந்தது அது. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு நீக்கினார். சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது. மறுத்த பிறகும் அதிமுக அரசின் போலீஸ் அவரைக் கைது செய்யவில்லை. ஜூன் மாதம் அவரே நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் பெற்றார். ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று தண்டனை அறிவிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். கிட்டத்தட்ட ஆறு ஆண்டு.

அதே 2024-ல், மே 4 அன்று, யூடியூபர் சவுக்கு சங்கர் தேனியில் கைதானார். பெண் போலீசாரைப் பற்றி ஒரு பேட்டியில் அவர் பேசியதாகச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே இழிவு. மேலதிகாரிகளோடு அவர்களை இணைத்துப் பேசிய அவதூறு. எட்டே நாளில் அவர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. பேட்டி எடுத்த ஃபெலிக்ஸ் ஜெரால்டும் கைதானார். உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று அந்தக் காவலை ரத்து செய்தது. சில நாட்களில் இன்னொரு வழக்கைக் காட்டி மறுபடியும் குண்டர் சட்டம். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது.

இரண்டு பேச்சும் கண்டிக்கத்தக்கவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. உழைத்துச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து இவள் இப்படித்தான் வேலைக்கு வந்தாள் என்று சொல்வது கருத்தே இல்லை; அது அடி. ஆகவே 2018-ல் சேகர் வீட்டு முன்னால் போராடிய பத்திரிகையாளர்களின் கோபமும் நியாயம், 2024-ல் பெண் காவலர்கள் பட்ட கோபமும் நியாயம். பொருள் ஒன்றாகவே இருக்க, ஒருவருக்கு ஒரு நாள் காவலும் இல்லை, இன்னொருவருக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைத்துவைக்கும் சட்டம் என்றால், அந்த வேறுபாட்டைப் பேச்சால் விளக்க முடியாது. பேசியவர் ஆட்சிக்கு வேண்டியவர்களின் பக்கமா, வேண்டாதவரா என்பதுதான் விளக்கம். கட்சிகள் நடந்துகொண்டதும் அப்படியே. சேகர் விஷயத்தில் ஏன் கைது இல்லை என்று கேட்டது திமுக. சங்கர் விஷயத்தில் கருத்துரிமை பறிபோகிறது என்று சொன்னது அதிமுக. இரண்டுமே சரியான வாசகங்கள். தவறான வாய்களிலிருந்து வந்தன.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. பம்மலில் சங்கர் நகர் காவல் நிலையம் இருக்கிறது. முடிச்சூரிலிருந்து வண்டியில் போனால் சிறிது நேரத்துத் தூரம். கிஷோர் கே. சுவாமி என்பவர் பெண் பத்திரிகையாளர்களைச் சமூக வலைதளத்தில் தொடர்ந்து இழிவாக எழுதிவந்தார். அதிமுக ஆட்சியில், 2020 ஜூலையில், அதற்காகக் கைதானவர் அன்றே ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். ஆட்சி மாறியது. அண்ணாதுரை, கருணாநிதி, ஸ்டாலின் பற்றி எழுதியதற்காக 2021 ஜூனில் சங்கர் நகர் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். குண்டர் சட்டமும் வந்தது. ஆட்சிகள் இரண்டும் சேர்ந்து நமக்குச் சொன்ன பாடம் இது: பெண்களை இழிவுபடுத்தினால் மாலையில் வீட்டுக்குப் போகலாம், தலைவர்களை இழிவுபடுத்தினால் போக முடியாது. இந்த வரிசை தலைகீழ். தன் பாதுகாப்புக்குக் காவலர் படையே வைத்திருக்கும் தலைவரைவிட, கைப்பேசியில் வரும் வசைகளைத் தனியாகப் படிக்க வேண்டிய ஒரு செய்தியாளருக்குத்தான் சட்டத்தின் உதவி அதிகம் தேவை.

பாஜகவை இந்தத் தராசில் வைக்காமல் விட முடியாது. 2018 செப்டம்பர் 3 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தில் சோபியா என்ற மாணவி, பாசிச பாஜக ஆட்சி ஒழிக என்று தமிழிசை சௌந்தரராஜன் முன்னால் முழங்கினார். மாநிலத் தலைவராக இருந்த தமிழிசை புகார் கொடுத்தார். மாணவி கைதானார், மறுநாள் ஜாமீன். 2023 ஜூலையில் பதிப்பாளர் பத்ரி சேஷாத்ரி, மணிப்பூர் பற்றியும் உச்ச நீதிமன்றம் பற்றியும் ஒரு யூடியூப் பேட்டியில் பேசியதற்காகக் கைதானபோது, அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை அதைக் கண்டித்தார். சரியான கண்டனம்தான். ஆனால் 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. இந்தியர்கள் கைவிலங்கோடு அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சமயம் அது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். அதே அண்ணாமலை பிரஸ் கவுன்சிலுக்கும் ஒன்றிய இணையமைச்சர் எல். முருகனுக்கும் புகார் எழுதினார். பிப்ரவரி 15 இரவு விகடன் இணையதளமே முடங்கியது. ஒரு படத்துக்காக நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் முழுத் தளமும் மூடப்பட்டது. மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, படத்தைத் தற்காலிகமாக நீக்க விகடன் சம்மதித்து, தளம் திறந்தது.

அந்த நாட்களில் முதல்வர் ஸ்டாலின் விகடனுக்காகக் குரல் கொடுத்தார். சோபியா கைதானபோதும் கொடுத்தவர்தான். அந்த முழக்கத்தை நானும் சொல்கிறேன், எத்தனை பேரைக் கைது செய்வீர்கள் என்று கேட்டவர். ஆனால் அவர் முதல்வரான பிறகும் சோபியா மீதான வழக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. 2023 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது மதுரைக் கிளை நீதிமன்றம். ஒரு பெண்ணுக்காகக் கோபப்பட்டவர், தன் கைக்கு அதிகாரம் வந்த பிறகு அந்தப் பெண்ணின் வழக்கை முதல் வாரத்திலேயே முடித்துவைத்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமா?

இந்த இடத்தில் பலர் கையை விரித்துவிடுவார்கள்: எல்லாரும் ஒன்றுதான். நான் அப்படி முடிக்கத் தயாரில்லை. எல்லாரும் ஒன்று என்பது தீர்ப்பு சொல்லும் சிரமத்திலிருந்து தப்பிக்கும் வழி. எடை வேறுபாடு உண்டு, அதைச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையில் அதிமுக ஆட்சியின் குற்றம் பெரிது. 2011-லிருந்து 2016 வரை ஜெயலலிதா அரசு 213 அவதூறு வழக்குகள் போட்டதாக உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டது. அதில் 55 ஊடகங்கள் மீது. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மீது 2015-ல் தேசத்துரோக வழக்கு. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா 2017-ல் கைது. நக்கீரன் கோபாலை 2018 அக்டோபரில் விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எழும்பூர் மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தார். இன்னும் பின்னால் போனால் 1987-ல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்த சட்டமன்றமும், 2003 நவம்பரில் ‘தி இந்து’ நாளிதழின் ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்த சட்டமன்றமும் அந்தக் கட்சியின் பெரும்பான்மையில் நடந்தவை.

திமுகவின் வரவுப் பக்கத்தில் ஒரு நல்ல வரி உண்டு. 2021 ஜூலையில் ஊடகங்கள் மீதான 90 அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. தேர்தலில் சொன்னதைச் செய்தார்கள். தன் ஆள் தவறும்போதும் சில முறை தண்டித்திருக்கிறது. நயன்தாராவை இழிவாகப் பேசிய ராதாரவியை 2019 மார்ச்சில் நீக்கிவைத்தது. அவரை முதலில் அதிமுகவும், அதே ஆண்டு நவம்பரில் பாஜகவும் சேர்த்துக்கொண்டன. பெண்களையும் சைவ வைணவச் சின்னங்களையும் கொச்சைப்படுத்திய பொன்முடியை 2025 ஏப்ரலில் கட்சிப் பதவியிலிருந்து எடுத்தது. அமைச்சர் பதவியும் போனது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கட்சிப் பதவி திரும்பி வந்துவிட்டது. ஏழு மாதம் தாங்காத தண்டனையைக் கோபம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. செலவுப் பக்கத்தில் மதுரை தினகரன் அலுவலகம் நிற்கிறது. திமுக ஆட்சியில், 2007 மே 9 அன்று, ஒரு கருத்துக்கணிப்புக்காக அங்கே தீ வைத்தார்கள். மூன்று ஊழியர்கள் செத்தார்கள். ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2019 ஆயிற்று. அதற்குப் பிறகு வருவது குண்டர் சட்டம். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982-ல், சாராய வியாபாரிகளுக்காகவும் ரவுடிகளுக்காகவும் எழுதப்பட்ட சட்டத்தைப் பேச்சுக்காகத் தொடர்ந்து எடுத்தாண்டது, அவதூறு வழக்கைவிடக் கொடுமையானது. அவதூறு வழக்கில் வாய்தா உண்டு, வாதம் உண்டு. குண்டர் சட்டத்தில் முதலில் சிறை.

பாஜக தமிழ்நாட்டை ஆண்டதில்லை. அதனால் அதன் கணக்கு சின்னதாகத் தெரியும். கையில் இருந்த ஒன்றிய அதிகாரத்தைத் தமிழ் ஊடகத்தின் மீது பயன்படுத்திய ஒரு முறை, ஒரு படத்துக்கு முழுத் தளத்தையே மூடியது. அது போதும் எடைபோட.

ஆக, என் தீர்ப்பு இது. பேச்சைக் கேட்டுக் கோபப்படும் உரிமை எல்லாருக்கும் உண்டு, அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் எதிர்க்கட்சியின் கோபமும் ஆளுங்கட்சியின் கோபமும் ஒரே எடை கொண்டவை அல்ல. எதிர்க்கட்சி கோபப்பட்டால் அறிக்கை வரும். ஆளுங்கட்சி கோபப்பட்டால் ஜீப் வரும். ஆகவே எந்த ஆண்டானாலும், எந்தக் கொடி பறந்தாலும், கோட்டையில் இருப்பவரின் ஓரவஞ்சனைதான் பெரிய குற்றம். 2020 மே மாதம் நீதிபதி அப்துல் குத்தூஸ் ஊடகங்கள் மீதான அவதூறு வழக்குகளை ரத்து செய்தபோது, அவதூறைப் பொறுத்தவரை அரசு குடிமக்களுக்குப் பெற்றோர் போன்றது, பிள்ளைகள் வைதால் பெற்றோர் பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். அந்த வரி அதிமுகவுக்காக எழுதப்பட்டது; திமுகவும் அதைப் படித்திருக்க வேண்டும்.

2025 மார்ச் 24 அன்று சவுக்கு சங்கரின் வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்து சாக்கடை நீரையும் மலத்தையும் கொட்டியது. அப்போது வீட்டில் இருந்தவர் அவருடைய அம்மா. சங்கர் எழுதுவதில் பாதி எனக்கு உடன்பாடில்லை. பெண் காவலர்களைப் பற்றி அவர் பேசியதை மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த அம்மாவைப் பார்த்து, அவனுக்கு வேண்டியதுதான் என்று கைப்பேசியில் ஃபார்வர்டு போட்டவர்களில் நமக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கட்சிகளை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வெளியே நிற்க முடியாது. ஐடி விங் தயாரிக்கும் கோபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் விரல்கள்தான்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறது. முடிச்சூரில் தண்ணீர் ஏறும் நாளில் யாராவது ஒரு நடிகரோ செய்தியாளரோ பக்கத்துத் தெருப் பையனோ அரசைக் கேள்வி கேட்பார்கள். அவர் போன தேர்தலில் யாருக்கு வேலை செய்தார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆதனூர் ஏரியின் கலங்கலிலிருந்து இப்போது எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எத்தனை மணிக்கு நம் தெருவுக்கு வரும் என்று, அவரோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.